துரை சாப்பிட்டாச்சு

பதினொரு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. சரியாகப் பதினொன்றுக்கு மெல்போர்னிலிருந்து சாருமதி கூப்பிடுவாள். கூப்பிட்டதும் அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி அம்சவேணிக்குத் தெரியும், அதற்குத் தன் வாய் சொல்லப்போகிற பதிலும் தெரியும், அந்த வாயைத் தடுக்கத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கைதான் வரவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் துரை படுத்திருந்தது. பெயர்தான் துரை, வடவள்ளியின் ஏதோ ஒரு சந்தில் பிறந்த செவலை நாட்டு நாய். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் மோவாயை வைத்து, கண்ணை மட்டும் உருட்டி அம்சவேணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் எவர்சில்வர் கிண்ணம். காலை எட்டு மணிக்கு அளந்து போட்ட பாக்கெட் தீனி போட்டபடியே இருந்தது, ஒரு வில்லைகூடக் குறையவில்லை, ஓர் ஓரத்தில் எறும்பு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்றைக்குப் புதன். விரல் விட்டு எண்ணினாள். சுண்டு விரலில் ஆரம்பித்தாலும் கட்டை விரலில் ஆரம்பித்தாலும் நாலுதான் வந்தது. நாலு நாளாக ஒரு வாயில்லா ஜீவன் தண்ணீரை மட்டும் நக்கிக்கொண்டு கிடக்கிறது, மூன்று நாளாக அதைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தவளுக்கு 'ஆச்சு, சாப்பிட்டாச்சு' என்று சேதி போய்க்கொண்டிருக்கிறது. சேதியை அனுப்புகிறவள் இதோ, மேஜைமேல் முழங்கையை ஊன்றக்கூடக் கூச்சப்பட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நாற்காலியின் நுனியில் ஏன் உட்கார வேண்டும், வீட்டில் யாருமில்லை, தாராளமாகச் சாய்ந்து உட்காரலாம், அவர்களே சொல்லிவிட்டுத்தான் போனார்கள், உங்க வீடு மாதிரி இருங்க்கா என்று. அப்படி யாராவது சொன்னால்தான் அம்சவேணிக்கு அது தன் வீடு இல்லை என்பது நன்றாக உறைக்கும். இது அவள் காவல் இருக்கிற மூன்றாவது வீடு. பெண்கள் விடுதியில் இருபத்தாறு வருஷம் வார்டனுக்கு ஒத்தாசையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊருக்குப் போகிறவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட்டார்கள். முதல் வீட்டில் மீன் தொட்டி. இரண்டாவது வீட்டில் இரண்டு பூனைகள், இரண்டும் அவளை மனுஷியாகவே மதிக்கவில்லை, அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. நாய் இதுதான் முதல் தடவை. சாருமதி மகளின் பிரசவத்துக்குப் போகிறாள், புருஷன் தியாகராஜனும் கூடப் போகிறார், ஆறு வாரம். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பக்கம் தட்டச்சு செய்த காகிதத்தைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். காலை எட்டு மணிக்கு ஒரு கப், மாலை ஆறு மணிக்கு ஒரு கப், தண்ணீர் மூன்று வேளையும் மாற்ற வேண்டும், வீட்டுச் சாப்பாடு கொடுக்கக் கூடாது, டாக்டர் எண், மோட்டார் போடும் நேரம், கறிவேப்பிலைச் செடி, எல்லாம் வரிசையாக. கடைசி வரி, 'எதுவாக இருந்தாலும் தயங்காமல் கேட்கவும்.' அந்த வரியைத்தான் இந்த நாலு நாளில் அதிகமாகப் படித்திருக்கிறாள். தயங்காமல். பிறந்ததிலிருந்து தயங்கிக்கொண்டே வந்த ஒருத்தியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தயங்காதே என்று எழுதி ஒட்டினால் தயக்கம் போய்விடுமா. இவளுக்கு அறுபத்தொரு வயசு, போவதாக இருந்தால் எப்போதோ போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் தவறியது. சாருமதி அங்கே போய் இறங்கிய களைப்போடு கூப்பிட்டு, துரை சாப்டாச்சுங்களாக்கா என்று கேட்டாள், இவள் நாக்கு ஆச்சுங்க என்று சொல்லிவிட்டது. யார் எப்போது அந்தக் கேள்வியைக் கேட்டாலும் அவள் நாக்கு சொல்கிற பதில் அது ஒன்றுதான். மனசுக்குத் தகவல் சொல்லாமலே சொல்லிவிடும். சொன்ன மறு நொடியே, இல்லீங்க இன்னும் வாய் வைக்கலை என்று திருத்தியிருக்கலாம். அதற்குள் சாருமதி மகளின் கால் வீக்கத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள், பாதி வழியில் நிறுத்தி நாய் விஷயத்துக்குத் திரும்புவது மரியாதையாக இருக்குமா என்று இவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு முடிந்துவிட்டது. சாயந்தரம் சாப்பிட்டுவிடும், நாளைக்குச் சொல்வது உண்மையாகிவிடும், ஒரு நாள் முன்கூட்டிச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சாயந்தரமும் சாப்பிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை செய்தது வாய் தவறியது இல்லை. அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுட்டது. தட்டைக் கொஞ்சம் காட்டுங்க்கா, அவன் சில நாள் மீதி வெப்பான் என்று சாருமதி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பத்தரைக்கே பயம் வந்து, கிண்ணத்திலிருந்த தீனியை எடுத்துப்போய்ப் பின்கட்டு வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தாள். கொட்டியதோடு விட்டாளா. கழுவிய கிண்ணம் கழுவிய கிண்ணமாகத் தெரியுமே என்று, இரண்டு வில்லையைத் தண்ணீரில் கரைத்து உட்பக்கம் லேசாகத் தடவி, நாய் நக்கி வைத்த மாதிரி ஆக்கினாள். அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது. ஒரு நாளும் யாரையும் ஏமாற்றிப் பழகாத கைக்கு அது எப்படி அவ்வளவு நேர்த்தியாக வந்தது. சாருமதி கிண்ணத்தைப் பார்த்து, தங்கம், சமத்து என்று அங்கிருந்தே கொஞ்சினாள். துரை அந்தக் குரலைக் கேட்டு எழுந்து வந்து போனை முகர்ந்தது, போனை முகர்ந்துவிட்டு அம்சவேணியை நிமிர்ந்து பார்த்தது. நாய்க்கு என்ன தெரியும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

பக்கத்து வீட்டில் சாம்பாருக்குத் தாளிக்கிற வாசனை வந்தது. துரையின் மூக்கு ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான். அவள் வயிறும் அசைந்தது. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை, சாதம் வடித்து அடுப்படியில் மூடி வைத்திருந்தாள், இறங்கவில்லை. சாப்டாச்சா அம்சா. உடுமலையில் மாமா வீட்டில், உள்ளறையிலிருந்து அத்தை கேட்கிற குரல். அம்மா போன பிறகு ஒன்பது வயசில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அத்தை பொல்லாதவள் இல்லை, அதுதான் சங்கடம், பொல்லாதவளாக இருந்திருந்தால் முறைத்துக்கொண்டாவது சாப்பிட்டிருக்கலாம். வந்து ஒரு மாசம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டு நேரமாகி வந்த ஒரு நாள், எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அத்தை கேட்டாள், இவள் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். படுத்திருந்த அத்தை எழுந்து வந்தாள், கவிழ்த்த சட்டியை நிமிர்த்தினாள், சட்டி சத்தம் போட்டது, அடுப்பைப் பற்ற வைத்தாள், ரவையை வறுத்தாள், அந்த வறுக்கிற சத்தம் முழுவதும் இவள் கதவோரமே நின்றாள். மாமா பேப்பருக்கு மேலே கண்ணைத் தூக்கி, நேரத்துக்கு வந்திருக்கலாமல்ல என்று மட்டும் சொன்னார். மாமா பிள்ளைகள் மூன்று பேரும் சுற்றி நின்று இவள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வாயும் அவர்கள் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போனது. மெல்லாமல் விழுங்கினாள். தொண்டை சுட்டது. அன்றைக்குப் பிறகு யார் கேட்டாலும் ஆச்சு. பள்ளிக்கூடத்தில் ஆச்சு, கல்யாணம் ஆகிப் போன இடத்தில் மாமியாரிடம் ஆச்சு, விடுதியில் வார்டனிடம் ஆச்சு. புருஷனும் நல்ல மனுஷர்தான், உயிரோடு இருந்த பதினாறு வருஷமும் சாப்டியா அம்சா என்று கேட்டுவிட்டுத்தான் தலையணையில் தலை வைப்பார், அவருக்கும் ஆச்சுதான். எத்தனையோ நாள் ஆகாமல் சொன்ன ஆச்சு. அதெல்லாம் அவள் வயிறு, அவள் பாடு, யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது இன்னொரு உயிருக்கும் சேர்த்து அதே ஆச்சுவைச் சொல்லிவிட்டாள். துரைக்கு வாய் இருந்திருந்தால் முதல் நாளே இல்லை என்று சொல்லியிருக்கும். சட்டி சத்தம் போட்டால் போடட்டும் என்று சொல்லியிருக்கும்.

ஒருவேளை நாக்குச் செத்துப்போய்விட்டதோ, ஏதாவது நோயோ என்று குனிந்து துரையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. விலா எலும்பு முன்பும் இப்படித்தான் தெரிந்ததா. கவனித்து வைத்துக்கொள்ளவில்லை, ஆறு வாரம் பொறுப்பெடுத்துக்கொண்ட நாயை முதல் நாள் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை, அதுவும் இவளைப் பார்க்கும், நாமும் அதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். நேற்று மத்தியானம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு டாக்டர் எண்ணுக்குப் பேசினாள். எடுத்த பெண், எத்தனை நாளாச் சாப்பிடலைங்க என்று கேட்டது. அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா. மூன்று நாள் என்று வாய் வரைக்கும் வந்தது, மூன்று நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அந்த முகம் தெரியாத பெண் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் காலையிலிருந்துதான் என்று சொல்லிவிட்டாள். அப்படின்னா ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்காரங்க ஊர்ல இல்லாத ஏக்கமா இருக்கும், தண்ணி குடிக்குதில்ல, ரெண்டு நாள் பாருங்க என்று அது போனை வைத்தது. பொய்க்கு ஏற்ற மருந்து கிடைத்தது. நேற்று ராத்திரி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே, பாத்திர மூடியில் இரண்டு கரண்டி சோற்றைப் போட்டுத் தின்றபோது, கதவுக்கு வெளியே துரையின் நகம் தரையில் டிக் டிக் என்று வந்து நின்றது. கதவடியில் அதன் மூச்சு கேட்டது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, உனக்குத்தான் அங்கே கிண்ணம் நிறைய இருக்கிறதே, இங்கே என்ன வேடிக்கை என்று. ஆளில்லாத வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவளை ஒரு நாய் கண்டுபிடித்துவிட்டதே என்ற கோபம். சாப்பிட்டு முடித்து, மூடியைக் கழுவித் துடைத்து, சாப்பிட்ட தடயமே இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

பத்து ஐம்பது. சொல்லாமல் இருப்பதற்கும் நியாயம் வைத்திருந்தாள். நிறைமாசப் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் போய்க் கெட்ட சேதியைச் சொல்வார்களா, யாரும் சொல்ல மாட்டார்கள், குழந்தை பிறந்து நல்ல சேதி வரட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம். மூன்று நாளாக இந்த நியாயத்தைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினாள். இப்போது பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது அவ்வளவு பெரிய போர்வையாக இல்லை. பிள்ளைத்தாச்சிக்காக ஒன்றும் மறைக்கவில்லை, நாயைப் பார்த்துக்கத் தெரியலை என்று சாருமதி நினைத்துவிடுவாளே, அதற்காக மறைத்தாள். நல்ல பெயருக்காக. அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள், யாருக்கு எழுதி வைக்கப்போகிறாள். இன்னும் நாலு நாள் போனால் இந்த மேஜைக்கு அடியில் என்ன கிடக்கும். அதற்கும் ஒரு பொய் தயார் பண்ணுவாளோ, ராத்திரி திடீர்னுங்க, நல்லாத்தாங்க இருந்துச்சு என்று. அந்த வாக்கியம் முழுசாக, அழுகைக் குரலோடு மனசுக்குள் கேட்டது, தானே அதை ஒத்திகை பார்த்திருக்கிறோம் என்று தெரிந்தபோது உடம்பு கூசிப்போனது. நாற்காலியிலிருந்து எழுந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். கால் தானாகப் பின்கட்டுப் பக்கம், வேப்பமரத்துப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. நின்றாள். திரும்பி வந்து, நிறைந்த கிண்ணத்தை மேஜைமேல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தாள். இல்லீங்க என்று சொல்லிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. இல்லீங்க, சாப்பிடலீங்க. துரை காதைத் தூக்கியது. ஒரு வார்த்தைக்கு இத்தனை பாடு. போன் அதிர்ந்தபோது அவள் மூன்றாவது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் சாருமதியின் நெற்றியும் ஒரு கண்ணும் வந்தன, பிறகு முழு முகம். பின்னால் தியாகராஜன் கண்ணாடி இல்லாமல் எட்டிப் பார்த்தார். மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை என்றாள், அங்கே குளிர் என்றாள், அப்புறம் கேட்டாள். "துரை சாப்டாச்சுங்களாக்கா?"

ஆச்சு என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அம்சவேணி உதட்டை இறுக்கிக்கொண்டாள். போனைத் திருப்பி நிறைந்த கிண்ணத்தைக் காட்டினாள். "இல்லீங்க அம்மிணி. நாலு நாளாத் தண்ணி மட்டுந்தாங்க குடிக்குது."

"நாலு நாளாவா? நேத்து ஆச்சுன்னீங்களே. முந்தாநேத்துத் தட்டுக்கூடக் காட்டினீங்களே."

"பொய்யுங்க. மரத்தடில கொட்டிட்டுக் காட்டினனுங்க." சொல்லிவிட்டாள். சட்டி நிமிர்த்துகிற சத்தம் போலக் காதுக்குள் ஏதோ கேட்டது. திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தாள், இல்லை, சாருமதி கண் சிமிட்டினாள். இந்த முகம் இனிமேல் தன்னை எப்படிப் பார்க்கும் என்பதை அம்சவேணி அறுபத்தொரு வயசில் தலை குனிந்து, ஒன்பது வயசுக்காரி மாதிரி நின்று வாங்கிக்கொண்டாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சாருமதி திட்டவில்லை. புருஷன் பக்கம் திரும்பி என்னமோ சொன்னாள், அவர் என்னமோ சொன்னார், பிறகு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. நீங்க எங்க உக்காந்து சாப்பிடறீங்க்கா என்று கேட்டாள். இதென்ன கேள்வி என்று அம்சவேணிக்குப் புரியவில்லை. அடுப்படியில் என்றாள். கதவு? சாத்தி வெச்சுத்தாங்க என்றாள், அதைச் சொல்வது மற்றதைச் சொன்னதைவிட வெட்கமாக இருந்தது.

சாருமதி கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். துரை குட்டியாக இருந்தபோது சந்தில் யாரோ சோற்றில் விஷம் வைத்து, கூடப் பிறந்தது நாலும் அதன் கண்ணெதிரே போய்விட்டன. அதிலிருந்து தனியாக வைத்த சாப்பாட்டை அது தொடாது, மனுஷர் ஒருத்தர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால்தான் வாய் வைக்கும். தியாகராஜன் எட்டு வருஷமாகத் தினம் இரண்டு வேளை தரையில் சம்மணம் போட்டு, தன் தட்டுத் தயிர்சோற்றில் முதல் வாய் தான் போட்டு அடுத்த வாய் அதற்குக் கொடுக்கிறார், பாக்கெட் தீனியெல்லாம் பேருக்கு. "அதை எழுதறதுக்கு வெட்கமா இருந்துச்சுங்க்கா. பேங்க் மேனேஜரா இருந்தவரு நாய் கூட ஒரே தட்டுல சாப்பிடறாருன்னு எப்படி எழுதறது. டாக்டர் குடுத்த சார்ட்டை அப்படியே அடிச்சு ஒட்டிட்டேன். எப்படியும் நீங்க மேஜைல உக்காந்து சாப்பிடுவீங்க, அதைப் பாத்து அவனாச் சாப்பிட்டுக்குவான்னு நெனச்சேன். நீங்க கதவைச் சாத்திக்குவீங்கன்னு எனக்கு எங்கீங்க தெரியும்." அழுதுகொண்டே சொன்னாள். அம்சவேணிக்கு நேற்று ராத்திரிக் கதவடியில் கேட்ட மூச்சு ஞாபகம் வந்தது. கூட உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறது, நாலு நாளாக. வேடிக்கை பார்க்க வரவில்லை. வெட்கம் என்று அதுவரை அவள் நினைத்திருந்ததெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் வெட்கம் என்று தோன்றியது.

தியாகராஜன் போனை வாங்கி என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். சோற்றில் தயிர் ஊற்றிக் குழையப் பிசைந்து எடுத்துவரச் சொன்னார். அம்சவேணி அடுப்படிக்குப் போய் வந்தாள், முதல் தடவையாகத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தி, முழங்கால் முனக, மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முகமும் திரையில் நெருக்கிக்கொண்டு பார்த்தன. மேஜைக்கு அடியிலிருந்து மூன்றாவது முகம் பார்த்தது. "முதல் வாய் நீங்க போடோணுங்க்கா," என்றார் தியாகராஜன். "அவன் பாக்கற மாதிரி, மெதுவா."

உருண்டையைக் கையில் எடுத்தாள். மூன்று ஜோடிக் கண்ணும் அவள் கையிலேயே இருந்தன, பிறகு வாயில். அறுபத்தொரு வயசில், அடுத்தவர் வீட்டில், அவர்கள் பார்க்கப் பார்க்க, வாயைத் திறந்து சோற்றை உள்ளே போட்டாள். மென்றாள். விழுங்கிவிடாதே, மெல்லு என்று தனக்கே சொல்லிக்கொண்டு மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைத் துடைக்க இன்னொரு கை இருப்பது ஞாபகம் வரவில்லை. துரை அவள் தாடை அசைவதைப் பார்த்தது. தொண்டை இறங்கி ஏறுவதைப் பார்த்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது, இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகு எழுந்து, கால் தள்ளாட, இரண்டு எட்டு முன்னால் வந்தது. அடுத்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஈரமான மூக்கு முதலில் பட்டது, பிறகு சூடான நாக்கு.

உள்ளங்கை காலியாகிவிட்டது. அங்கே தியாகராஜன் எழுந்து எங்கோ போனார், மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. ஒரே நேரத்துல நிறையக் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக, சாயந்தரம் டாக்டரிடம் கூட்டிப்போய் நாலு நாள் என்று சொல்லிவிடுங்கள் என்றாள் சாருமதி. சரிங்க, நாலுன்னே சொல்றனுங்க என்றாள் அம்சவேணி. துரை தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது, அடுத்த முறை அவளுடையது என்று அதற்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

"ஏனுங்க்கா, நீங்க காலைல சாப்டாச்சுங்களா?" என்று சாருமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

அம்சவேணி தட்டைப் பார்த்தாள். "இன்னும் இல்லீங்க அம்மிணி," என்றாள். சொல்லிவிட்டு, யாராவது எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்கிற சத்தம் கேட்கிறதா என்று ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டாள். துரை வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. அடுத்த வாயைப் பிசைந்தாள்.